அதுக்கு முன்னாடியா, அப்புறமா

உக்காரலாமா தங்கச்சி? உக்காந்துட்டேன். வெளிய போர்டுல இங்கிலீஷ் லெட்டர் அடிச்சுத் தரப்படும்னு போட்டிருக்கு, அடிக்கிறது நீங்கதானா? நல்லதாப்போச்சு. அண்ணே, நீங்க அந்த பெஞ்சுல கொஞ்சம் தள்ளி இருங்க. உங்களுக்குப் பட்டா நகல்தானே, நெலம் எங்கயும் எந்திரிச்சு ஓடிறாது. என்னுது அவசரம்.

நான் தமிழ்ல சொல்றேன், நீங்க இங்கிலீஷ்ல அடிங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காதீங்க. கல்ஃப்புல நாங்க தங்குற கேம்ப்புல எனக்குப் பேரே துரை. ஆனா இப்ப அந்த பாஷை வாய்ல வந்தாலே குமட்டுது. ஊசிப்போன பருப்ப நக்குன மாதிரி இருக்கு. தூ! பயப்படாதீங்க, சும்மா சத்தம்தான், உங்க கடையில துப்ப மாட்டேன்.

பேரு சேதுராசு. முதுகுளத்தூர்ப் பக்கம். கல்ஃப்புல கப்பல் ரிப்பேர் பண்ற யார்டுல சாரம் கட்டுற வேலை. ஆறு வருசம். போன மாசம் லீவுல வந்தேன்.

விஷயம் இதுதான். என் கூட்டாளி கூரிச்சாமி, பக்கத்து ஊருதான், எனக்கு ரெண்டு வயசு எளையவன், அவன் போன வருசம் சாரத்துலேருந்து விழுந்துட்டான். இடுப்பெலும்பு நொறுங்கிப்போச்சு. அங்க ஒரு ஆபரேஷன் பண்ணி ஊருக்கு அனுப்பிட்டாங்க. எந்திரிச்சு நிக்கணும்னா இன்னொண்ணு பண்ணணும். அதுக்குக் கம்பெனி சரின்னு சொல்லணும். கம்பெனி என்ன சொல்லுது? இவன் கவனிக்காம ஏறினான், அது போக விசாரணையில பொய் வேற சொன்னான், அதனால எங்களுக்குப் பொறுப்பு இல்லங்குது. திங்கக்கிழமையோட ஃபைலை மூடிருவாங்களாம். அதுக்குள்ள கூட இருந்தவன் யாராவது எழுதிக் கொடுத்தாத் திரும்பப் பாப்பாங்க. கூட இருந்தவன் நான்தான். வேற ஆளு கிடையாது.

என்ன பொய்யா? அத ஏன் கேக்குறீங்க. ஃபோர்மேன் கூப்பிட்டாரு, அதான் அரக்கப்பரக்க ஏறினேன்னான் கூரி. ஃபோர்மேன் நான் கூப்பிடவே இல்லங்கறாரு. அந்த ஆளு பேரு ஸ்டான்லி. நாகர்கோயில்காரரு. மூக்குலதான் பேசுவாரு, வாய சோத்துக்கு மட்டும் வச்சிருக்காரு. இருங்க, பேசிக் காட்டுறேன். "எலேய் மக்கா, கம்பிய முறுக்கச் சொன்னா கழுத்த முறுக்குதே... நீ எனக்கக் கையாலதான் சாவப்போறே கேட்டியா!" அந்தா பாருங்க, பட்டா அண்ணன் சிரிக்கிறாரு. அப்படியே இருக்கும். ஒருநாள் ஸ்டான்லியே திரும்பிப் பாத்திருக்காரு, நம்மதான் பேசினோமான்னு.

சரி, அடிங்க. கூரிச்சாமி சொன்னது பொய்யில்ல. ஃபோர்மேன் குரல் கேட்டுச்சு. ஆங்... கூப்பிட்டாருன்னு இல்ல, குரல் கேட்டுச்சுன்னு அடிங்க. அப்படியே அடிங்க.

எப்பன்னா? டீ டைம்ல. டீ டைம்ல எப்பன்னா? அய்ய, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா! இந்த ஒரு கேள்விய மட்டும் கேக்காதீங்க தங்கச்சி. இந்தக் கேள்வியக் கேட்டுத்தான் விசாரணை பண்ணுன அந்த வெள்ளைக்காரன் என் குடல உருவிட்டான்.

நாம ஒரு விஷயத்த எப்படிச் சொல்றோம்? போனேன், வந்தேன், தின்னேன், படுத்தேன். சொல்லிக்கிட்டே போறோம், கேக்குறவன் உம் கொட்டிக்கிட்டே வர்றான். அவங்களுக்கு அப்படி ஆகாது. ஒண்ணு நடந்துச்சுன்னா அது எது நடந்தப்ப நடந்துச்சு, எதுக்கு முன்னாடி, எதுக்கு அப்புறம், எதுலேருந்து எதுவரைக்கும்... ஒவ்வொண்ணுக்கும் ஆணி அடிச்சுத் தொங்கவிடணும். கறிக்கடையில ஆட்ட உரிச்சுக் கொக்கியில மாட்டுவான்ல, அந்த மாதிரி. நேத்துத் தின்ன சோத்தக்கூட வெளிய எடுத்து வச்சு, இது தின்னப்ப கை கழுவி முடிச்சிருந்தியா இல்லியான்னு கேப்பான். என்ன பாஷைங்க அது. நடந்து முடிஞ்சு போனத நோண்டி நோண்டி மோந்து பாக்குற பாஷை.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஜெயக்கொடி. யார்டுல டைம்கீப்பர், பி.ஏ. படிச்சவரு. வெள்ளிக்கிழமை லீவு, துணி தொவச்சுப் போட்டுட்டுத் தண்ணி டேங்க்குக்குக் கீழ உக்காந்து பாடம். சின்ஸ்னா எங்க போடணும், ஃபார்னா எங்க போடணும், அன்டில், வைல், ஆஸ் சூன் ஆஸ்... எனக்கு ஒரு மண்ணும் ஏறாது. ஆனா ராகம் ஏறிரும். அவரு ஒரு தடவ சொன்னா நான் அதே இழுப்பு, அதே முக்கலோட திருப்பிச் சொல்லிருவேன். "பை தி டைம் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் ஆல்ரெடி லெஃப்ட்." எப்படி? நான் ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள ரயிலு போயிருச்சுங்கறதுதான். இந்த ஒண்ணச் சொன்னேன்னா கேம்ப்பே கைதட்டும். கூரிதான் ரொம்பத் தட்டுவான். அவனுக்கு ஒரு எழுத்து தெரியாது. "எங்க துரை பேசுனா வெள்ளைக்காரனே டிக்கெட்டக் கிழிச்சுப்போட்டு எறங்கிருவான்"னு ரூமு ரூமாப் போய்ச் சொல்லுவான். கிறுக்குப் பய.

வர்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன். ஃபேன் கொஞ்சம் வேகமா வைக்க முடியுமா? இதான் வேகமா? என்ன, கட்டையில போற மாதிரி சுத்துது.

விசாரணை எப்ப வச்சாங்கன்னா, கூரி விழுந்த மூணாம் நாளு. அவன் ஆஸ்பத்திரியில, அவன் சொன்னத அங்கயே போய் எழுதி வாங்கிட்டாங்க. என்னைய ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. ஏசி ரூமு, பொணம் வைக்கிற ரூமு மாதிரி குளிரு. சேஃப்டி ஆபீசரு ஒரு வெள்ளைக்காரன், ஹார்ட்லின்னு பேரு. டீயில பிஸ்கட்ட முக்குறான், அது ஊறித் தொங்குது, சர்ர்னு உறிஞ்சுறான், விரலச் சூப்புறான், அதே விரலால ஃபைலத் திருப்புறான். இங்க ஒருத்தன் இடுப்பொடிஞ்சு கெடக்குறான், இவன் விரலச் சூப்புறான். மொழிபெயர்க்க ஜெயக்கொடியப் பக்கத்துல உக்கார வச்சிருந்தாங்க. "ராசு, தமிழ்லயே சொல்லுப்பா, நான் சொல்லிக்கிறேன்"னாரு.

நான் வேணாம்னுட்டேன்.

ஏன்னா... அத்தனை வருசமா என்னைத் துரைங்கறாங்க. ஒரு வெள்ளைக்காரன் முன்னாடி உக்காந்து பேச எனக்கு அன்னிக்குத்தான் வாய்ச்சுது. விடுவேனா?

அவன் ஆரம்பிச்சான். புருவத்த இப்படித் தூக்கிக்கிட்டு. "வென் மிஸ்டர் கூரி ஸ்டெப்ட் ஆன் தி பிளாட்ஃபார்ம்... ஹேட் தி போர்ட்ஸ் ஆல்ரெடி பீன் ரிமூவ்ட்?" கூரி கால வச்சப்ப சாரத்துப் பலகைய எடுத்து முடிச்சாச்சாங்கறான். "அண்ட் வேர் வேர் யூ, அட் தட் டைம்?" அந்த நேரத்துல நீ எங்கங்கறான். நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு, ஜெயக்கொடி முக்கலையும் சேத்து, ஒரே மூச்சுல விட்டேன். "சார்! பை தி டைம் ஐ ரீச்ட், ஹி ஹேட் ஆல்ரெடி ஃபாலன்!"

வெள்ளைக்காரன் அசந்துட்டான் தங்கச்சி. "எக்ஸலண்ட்"டுன்னான். பேனாவ எடுத்து எழுதிக்கிட்டான். அந்தச் சூப்புன கையாலயே எனக்குக் கை கொடுத்தான். ஈரம். இன்னமும் உள்ளங்கையில பிசுபிசுங்குது, எத்தனை சோப்பு போட்டாலும். அஞ்சே நிமிசத்துல என்னைய வெளிய அனுப்பிட்டான். மத்தவனையெல்லாம் ஒரு மணி நேரம் வறுத்தான்.

ஜெயக்கொடி வெளிய வந்து என்னையப் பாத்தாரு. "ராசு, நீ என்ன சொன்னேன்னு தெரியுமா? நீ போய்ச் சேர்றதுக்குள்ள அவன் விழுந்துட்டான், நீ எதையும் பாக்கலன்னு சொல்லிட்டு வந்திருக்க"ன்னாரு. நான் சிரிச்சேன். "ராகம் எப்படி சார்?"னேன். அவரு திரும்பிப் போயிட்டாரு.

அவ்வளவுதான். பாத்தவன் யாரும் இல்லன்னு ஆயிருச்சு. ஸ்டான்லி அந்நேரம் மூணாம் நம்பர் டாக்குல கிரேன்காரன்கூட நின்னதுக்கு நாலு பேரு சாட்சி. அப்ப கூரி சொன்னது பொய். போச்சு. ஒரு பாஷை ஒரு மனுசன எப்படிக் கவுக்குது பாத்தீங்களா? நாறப்பய பாஷை.

என்ன பாக்குறீங்க? அடிங்க.

ஸ்டான்லி மூணாம் டாக்குல இருந்தா குரல் எப்படிக் கேட்டுச்சுங்கறீங்களா? காத்துல வந்திருக்கும். தங்கச்சி, நீங்க லெட்டர் அடிக்கிறவங்களா, சிஐடியா? கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிக்கிட்டுப் பாக்குறதப் பாரு. அந்த ஹார்ட்லி பயலுக்குத் தங்கச்சியாப் பொறந்திருப்பீங்க போல.

போன ஞாயித்துக்கிழமை கூரி வீட்டுக்குப் போயிருந்தேன். லீவுல வந்து மூணு வாரம் கழிச்சு. அதுக்கு முன்னாடி போகல. வேலை இருந்துச்சு. இல்ல, வேலையெல்லாம் இல்ல. அந்த வீட்ட நெனச்சாலே ஒரு மாதிரி வந்துச்சு, போகல.

கட்டில்ல கெடக்குறான். மூத்திரப் பை கட்டில் கால்ல தொங்குது. டெட்டால் வாடை, வேர்வை வாடை. நான் மூக்கப் பொத்தல, ஆனா பொத்தணும்போல இருந்துச்சு. என்னையப் பாத்ததும், "வாடா துரை!"ங்கறான். மொகமெல்லாம் பல்லு. எனக்கு அங்கனயே செத்துரலாம்போல ஆயிருச்சு. அவன் பொண்டாட்டி முத்தரசி முட்டை பொரிச்சு, ரசம் வச்சுச் சோறு போட்டுச்சு.

கூரி கேட்டான், "டேய், நெசமாவே ஸ்டான்லி கூப்பிட்டாரா இல்லியாடா? எனக்கே சந்தேகமா இருக்கு. எல்லாரும் இல்லங்கறாங்க. ஆஸ்பத்திரியில டாக்டரு, அடிபட்டா இல்லாததெல்லாம் கேக்கும்னாரு. எங்க ஆத்தாளே, ஏன்டா பொய் சொல்லி வச்சேங்குது. ஒரு வருசமா காதப் புடிச்சுக்கிட்டு யோசிக்கிறேன்டா. எனக்குத்தான் மூளை பெசகிருச்சோ?"

நான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டு இருந்தேன்.

முத்தரசி சும்மா இருக்கக் கூடாதா? "அண்ணே, நீங்க அந்த ஃபோர்மேன் மாதிரியே பேசுவீங்களாமே. இவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஒரு தடவ பேசுங்கண்ணே. இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டே நாளாச்சு"ன்னுச்சு.

என் வாயி இருக்கே தங்கச்சி, இது ஒரு தெருநாயி. யாராவது ச்சூன்னா போதும், ஓடிரும். கையில சோறு, எதிர்ல அவன் படுத்துக் கெடக்குறான், நான் மூக்க இழுத்துக்கிட்டு எடுத்துவிட்டேன். "எலேய் கூரி, டீ குடிக்கியா டீக்கெடை வைக்கியா? ஏறி வா மக்கா, எல்லாம் ஓகேயாக்கும்!"

முத்தரசி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. "இன்னொரு வாட்டிண்ணே, இன்னொரு வாட்டி"ங்குது. கூரி சிரிக்கல. தண்ணி டம்ளர வாய்க்கிட்ட கொண்டுபோனவன் அப்படியே வச்சிருக்கான். என் மொகத்தப் பாக்கல. என் வாயப் பாக்குறான்.

அப்புறம் டம்ளரக் கீழ வச்சான். மெதுவாக் கேட்டான். "நான் டீ குடிக்க எறங்குனப்ப பலகை இருந்துச்சு. திரும்ப ஏறுனப்ப இல்ல. நடுவுல யாருடா கூப்பிட்டது?"

அவன் எந்த இங்கிலீஷ் படிச்சான்? அவனுக்குச் சின்ஸும் தெரியாது, அன்டிலும் தெரியாது. ஆனா கேட்டான் பாருங்க. வெள்ளைக்காரன் கேட்ட அதே கேள்வி.

நான், "ஸ்டான்லிதான்டா, வேற யாரு"ன்னேன்.

அவன், "சரி"ன்னான். "அப்ப என் காது நல்லாத்தான் இருக்கு"ன்னான். "முத்தரசி, இவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து"ன்னான். ஊத்துச்சு. குடிச்சேன். ஊருக்கு வெளிய வந்து அம்புட்டையும் வாந்தி எடுத்தேன்.

ஏன் கைய எடுத்துட்டீங்க? கரண்டு இருக்குல்ல? அடிங்க.

என்ன அடிக்கவா? சொல்றேன். சாரம்னா அஞ்சு அடுக்கு. நாலாவது அடுக்குல ரெண்டு பலகைய எடுத்து அந்தப் பக்கம் மாத்தணும். பலகைய எடுத்தா உடனே ஏணியில செவப்பு அட்டை மாட்டணும். அதான் சட்டம். அட்டையப் பாத்தா ஒருத்தனும் ஏற மாட்டான். இப்படி அடிங்க: பலகை எடுக்கப்பட்டிருந்துச்சு. அட்டை மாட்டப்படல.

யாரு எடுத்தாங்கறது எதுக்கு தங்கச்சி? எடுக்கப்பட்டிருந்துச்சு, அவ்வளவுதான். இங்கிலீஷ்ல ஆள் பேரு இல்லாமலே சொல்லலாம்ல, ஜெயக்கொடி சொல்லியிருக்காரு. அந்த பாஷையில உருப்படியா இருக்குறது அது ஒண்ணுதான்.

கேள்வி அப்படியே நிக்கும்ங்கறீங்களா? திங்கக்கிழமை திருப்பி அனுப்பிருவாங்களா?

அண்ணே, பட்டா அண்ணே, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன். என் கணக்குல. இல்ல, வேணாம். இருங்க. நீங்களும் இருந்து கேட்டுத் தொலைங்க.

அட்டையக் கையிலதான் வச்சிருந்தேன். எறங்கி மாட்டணும், நாலு அடுக்கு. கீழ பாத்தா இவன் டீய வச்சுக்கிட்டுப் போன்ல முத்தரசிகூட இளிச்சுக்கிட்டு நிக்கிறான். பத்து நிமிசமா இளிக்கிறான். எனக்கு நாக்கு அரிச்சுச்சு. மூக்க இழுத்தேன். விட்டேன். பய போன அப்படியே சட்டைக்குள்ள போட்டுட்டு, டீயக் கொட்டிட்டு, பெல்ட்டுக் கொக்கியக்கூட மாட்டாம தவ்வித் தவ்வி ஏறுறான். நான் தூணுக்குப் பின்னாடி நின்னு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன். மேல வந்ததும் பயலக் கலாய்க்கணும்னு சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பு முடியல தங்கச்சி. வாய் இன்னும் தெறந்துதான் இருந்துச்சு. அவன் கால வச்சான்.

பலகை இல்லங்கறது எனக்குத் தெரியும்ல? எடுத்தவனே நான்தானே? அத எப்படி மறந்தேன்? மறக்கல. ஏணியிலேருந்து அவன் பலகை இருக்குற பக்கந்தான் கால் வைப்பான்னு நெனச்சேன். நெனச்சேனா, இப்ப நெனச்சதா நெனச்சுக்கிறேனா, அது தெரியல. அதக் கேக்காதீங்க.

அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாமச் சொல்லிட்டேன்னு இத்தன நாளா எல்லார்கிட்டயும் சொன்னேன். உங்ககிட்டயும் அப்படித்தான ஆரம்பிச்சேன். ரயிலு போயிருச்சுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ரயிலத் தவறவிட்டவன் மேல யாரும் ரயில ஓட்டுன குத்தத்தப் போட மாட்டாங்கன்னும் தெரியும்.

சரி. முன்ன அடிச்சத அழிச்சிருங்க. குரல் கேட்டுச்சுங்கறதையும் அழிங்க. புதுசா அடிங்க.

ஃபோர்மேன் ஸ்டான்லி கூப்பிடல. அவரு குரல்ல கூப்பிட்டது சேதுராசு. பலகைய எடுத்தது சேதுராசு. அட்டை மாட்டாதது சேதுராசு. மொதல்ல பலகைய எடுத்தான், அதுக்கு அப்புறந்தான் கூப்பிட்டான். அந்த அப்புறத்த நல்லா அழுத்தி அடிங்க, எவனும் முன்னாடி பின்னாடி மாத்த முடியாத மாதிரி. கூரிச்சாமி ஏறுனப்ப சேதுராசு அங்கனதான் நின்னான். நின்னு பாத்தான். சிரிச்சுக்கிட்டு இருந்தான்.

சிரிச்சது வேணாம்ங்கறீங்களா? இல்ல, இருக்கட்டும். ஹார்ட்லி அதையும் நக்கிப் பாக்கட்டும்.

திரும்பிப் போனா வேலை இருக்காதுன்னு தெரியும். புடிச்சு உள்ள போடுவாங்களோ என்னமோ. அந்த கேம்ப்புச் சோத்துக்கு ஜெயில் சோறு ஒண்ணும் மோசமா இருக்காது. பாருங்க, இதுலயும் வாயி நிக்க மாட்டேங்குது.

மெயில் அட்ரஸ் இந்தச் சீட்டுல இருக்கு. ஒண்ணு அனுப்பிருங்க, ஒண்ணு பிரிண்ட் எடுங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

இன்னொண்ணு இருக்கு தங்கச்சி. இதையே தமிழ்ல ஒண்ணு அடிச்சுத் தாங்க. பெரிய எழுத்தா. நான் மதியம் பஸ்ஸுல கொண்டுபோறேன். கூரிக்கு வாசிக்கத் தெரியாது. முத்தரசிதான் அவனுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டணும்.